7. மாட்யூல்: கட்டளை யாரிடம் போகிறது?

போன அத்தியாயத்தில் வைல்ட்ஃப்ளை சர்வரை நிறுவினோம், நிர்வாகப் பயனர் ஒருவரை உருவாக்கினோம், கட்டளைத் திரையையும் திறந்து பார்த்தோம். இனி அதில் உருப்படியாக ஒரு வேலை செய்யலாம். புதிதாக நிறுவிய சர்வருக்குப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு பேசத் தெரியாது. பேச வைக்க வேண்டுமானால் அதன் டிரைவரை ஒரு மாட்யூலாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் ஐந்தே கட்டளைகள். அவற்றில் ஒன்று மட்டும் மற்ற நான்கின் சாதியல்ல. அது எதுவென்று தெரியாமல் விடிய விடிய விழித்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் நானும் ஒருவன்.

தொடங்குமுன் ஒரு சொல். இந்த நூலில் கட்டளைகளை வாசிக்கும் ஒலியிலேயே தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, சமக்குறி எதையும் விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டில் ஐயம் வந்தால் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துங்கள், மீதியைத் திரையே நிரப்பிக் கொடுக்கும். இந்தத் திரையின் மிகப் பெரிய உதவி அதுதான். அனுபவசாலிகளும் முழுக் கட்டளையை மனப்பாடமாக வைத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் புது சர்வருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சர்வர் வேறு ஊரில் இருந்தது. நான் வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். என் மடிக்கணினியிலும் வைல்ட்ஃப்ளை இருந்ததால் அங்கிருந்தே கட்டளைத் திரையைத் திறந்து, தொலைவிலிருந்த சர்வரோடு இணைந்தேன். டிரைவரை மாட்யூலாகச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். எந்தப் பிழையும் வரவில்லை. அடுத்து டிரைவரைப் பதிவு செய்யும் கட்டளையைக் கொடுத்ததும், அந்த மாட்யூலை ஏற்ற முடியவில்லை என்று சர்வர் கை விரித்தது. சரி, முதல் கட்டளையில்தான் ஏதோ தவறு என்று அதையே மறுபடி கொடுத்தேன். இந்தப் பெயரில் மாட்யூல் ஏற்கெனவே இருக்கிறதே என்று பதில் வந்தது. ஒரே திரை ஒரு கட்டளைக்கு இல்லை என்கிறது, இன்னொன்றுக்கு இருக்கிறது என்கிறது. ஜார் கோப்பைத் திரும்ப இறக்கினேன், பெயரை மாற்றினேன், சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எஸ்எஸ்ஹெச் வழியாக அந்தச் சர்வருக்குள் போய் ஃபோல்டரைத் தேடினால், அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. என் மடிக்கணினியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். கட்டளைத் திரையில் நீங்கள் தட்டும் பெரும்பாலான கட்டளைகள் 9990 என்ற போர்ட் வழியாகச் சர்வருக்குப் போகின்றன. சர்வர் அவற்றைக் கேட்டுச் செயல்படுகிறது, தன் அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. மாட்யூல் என்று தொடங்கும் கட்டளை அப்படியல்ல. அது சர்வரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாது. திரை எந்தக் கணினியில் திறந்திருக்கிறதோ அந்தக் கணினியின் வட்டில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, ஜார் கோப்பை அதில் நகலெடுத்து, பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சர்வர் நின்றுபோயிருந்தாலும் இது வேலை செய்யும். சோதிக்க விரும்பினால் சர்வரோடு இணையாமலே திரையைத் திறந்து, டிஸ்கனெக்டட் என்று காட்டும் வரியிலேயே இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். மறுபேச்சில்லாமல் முடித்துக் கொடுக்கும்.

இதே திரையில் டிப்ளாய் என்ற கட்டளை நேர் எதிராக நடந்துகொள்வதுதான் குழப்பத்தை வளர்க்கிறது. உங்கள் மடிக்கணினியிலுள்ள வார் கோப்பின் பாதையைக் கொடுத்து டிப்ளாய் செய்தால், அந்தக் கோப்பு முழுவதும் 9990 வழியாகத் தொலைவிலுள்ள சர்வருக்கு ஏற்றப்படும். இரண்டு கட்டளைக்கும் கோப்புப் பாதையைத்தான் கொடுக்கிறோம். ஒன்று கோப்பைச் சர்வருக்கு அனுப்புகிறது, மற்றது இங்கேயே வைத்துக்கொள்கிறது. மாட்யூல் கட்டளை டொமைன் முறைக்கும் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) தொலைவிணைப்புக்கும் ஏற்றதல்ல என்று ரெட் ஹேட்டின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. என்ன செய்ய, எச்சரிக்கையை நாம் படிப்பது வழக்கமாக மறுநாள் காலையில்தான்.

ஆகவே முதல் பழக்கம்: மாட்யூல் சேர்க்கும்போது எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வர் கணினிக்குள்ளேயே போய், அங்குள்ள பின் என்ற ஃபோல்டரிலிருந்து திரையைத் திறவுங்கள்.

மாட்யூல் என்றால் என்ன

வைல்ட்ஃப்ளையின் முன்னோடியான ஜேபாஸின் பழைய பதிப்புகளில் இந்த வேலையே கிடையாது. சர்வர், டிஃபால்ட், லிப் என்று போகும் ஃபோல்டரில் ஜார் கோப்பைப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். எல்லா வகுப்புகளும் ஒரே குடத்தில் கிடந்தன. யார் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் ஒரு பயன்பாட்டுக்கு ஒரு நூலகத்தின் பழைய பதிப்பும், இன்னொன்றுக்குப் புதிய பதிப்பும் தேவைப்பட்டால் சண்டை மூளும். யாருடையது முதலில் ஏறியதோ அதுவே எல்லோருக்கும்.

2011 ஜூலையில் வந்த ஜேபாஸ் 7 இந்தக் குடத்தை உடைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு நூலகமும் தனி மாட்யூல். தனக்கு எந்தெந்த மாட்யூல் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால்தான் அவை கண்ணில் படும், எழுதாதது இருந்தும் இல்லாத மாதிரி. இதே கட்டளைத் திரையும் அந்தப் பதிப்போடுதான் வந்தது. சமூகப் பதிப்புக்கு வைல்ட்ஃப்ளை என்று 2013இல் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் வைல்ட்ஃப்ளை 8 வெளியானது. ரெட் ஹேட் கட்டண ஆதரவோடு விற்கும் ஜேபாஸ் இஏபியிலும் உள்ளே இருப்பது இதே ஏற்பாடு. இங்கே சொல்லும் கட்டளைகள் அங்கும் பொருந்தும்.

ஒரு மாட்யூலை நேரில் பார்த்துவிடுவது நல்லது. சர்வரோடு மாதிரிக்காக ஹெச்2 என்ற சிறு தரவுத்தளம் வருகிறதல்லவா, அதுவும் ஒரு மாட்யூல்தான். வைல்ட்ஃப்ளை நிறுவிய இடத்தில் மாட்யூல்ஸ், சிஸ்டம், லேயர்ஸ், பேஸ் என்று இறங்குங்கள். அதற்குள் காம், ஹெச்2டேட்டாபேஸ், ஹெச்2, மெயின் என்று போனால் இரண்டு கோப்புகள் இருக்கும்: ஒரு ஜார், ஒரு மாட்யூல்.எக்ஸ்எம்எல். எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் மாட்யூலின் பெயர், ஜாரின் பெயர், சார்ந்திருக்கும் மாட்யூல்களின் பட்டியல் தெரியும். மாட்யூல் என்பது இவ்வளவுதான். பெயரிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஃபோல்டராகிறது. கடைசியில் வரும் மெயின் என்பது பதிப்புகளைப் பிரித்துவைக்கும் அறை.

பார்க்கலாம், தொடக்கூடாது. பேஸ் என்ற அந்த ஃபோல்டர் சர்வருக்குச் சொந்தமானது. உங்கள் மாட்யூலை அதற்குள் வைத்தால் இன்று வேலை செய்யும், ஆனால் பதிப்பை உயர்த்தும் நாளில் எது சர்வருடையது, எது உங்களுடையது என்று பிரித்தெடுக்க முடியாமல் திண்டாடுவீர்கள். நம் மாட்யூல்கள் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்கு நேர் கீழே இருக்கட்டும். கட்டளையும் இயல்பாக அங்கேதான் வைக்கும்.

சேர்ப்பது

டிரைவரின் ஜார் கோப்பைப் போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கி, டெம்ப் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். 42.7.3 என்பது போன்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது தரவுத்தளத்தின் பதிப்பு அல்ல. முன்பு டிரைவருக்குத் தரவுத்தளத்தை ஒத்த எண்ணே இருந்தது. எந்த டிரைவர் எந்தத் தரவுத்தளத்துக்கு என்று மக்கள் குழம்பியதால் 2017இல் ஒரேயடியாக 42க்குத் தாவிவிட்டார்கள்.

இனி கட்டளை. ஒரே வரியாகத் தட்ட வேண்டும்:

மாட்யூல் ஆட் --நேம்=ஆர்க்.போஸ்ட்கிரஸ்கியூஎல் --ரிசோர்சஸ்=/டெம்ப்/போஸ்ட்கிரஸ்கியூஎல்-42.7.3.ஜார் --டிபெண்டன்சீஸ்=ஜாவா.எஸ்இ,ஜகார்த்தா.டிரான்சாக்ஷன்.ஏபிஐ

வெற்றி என்றால் திரை எதுவும் சொல்லாது, அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அந்த மௌனத்தை முழுதாக நம்பாதீர்கள். கோப்பு எழுதியாயிற்று என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

மூன்று பகுதிகளில் பெயர் உங்கள் விருப்பம். ஆனால் பின்னால் வரும் கட்டளைகளில் இதே பெயரை எழுத்துப் பிசகாமல் தர வேண்டும். ரிசோர்சஸ் என்பது ஜார் கோப்பு. ஒன்றுக்கு மேல் இருந்தால் லினக்ஸில் முக்காற்புள்ளியாலும் விண்டோஸில் அரைப்புள்ளியாலும் பிரிக்க வேண்டும். விண்டோஸில் பழகிய கையோடு லினக்ஸுக்கு வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். ஜார் நகலெடுக்கப்படுவதால் டெம்ப் ஃபோல்டரில் உள்ள மூலத்தைப் பிறகு அழித்துவிடலாம். அப்சல்யூட்-ரிசோர்சஸ் என்று ஒரு மாற்று வழியும் உண்டு. அது நகலெடுக்காமல் இருக்கும் இடத்தையே எழுதி வைத்துக்கொள்ளும். டெம்ப் ஃபோல்டரைக் காட்டி அதைப் பயன்படுத்தினால், கணினி ஒருநாள் டெம்ப்பைத் துடைக்கும்போது டிரைவரும் சேர்ந்து போய்விடும்.

டிபெண்டன்சீஸ்தான் சூட்சுமம். டிரைவர் தன் வேலைக்கு ஜாவாவின் பெயர்த்தேடல் வகுப்புகளையும் பரிவர்த்தனை வகுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. மாட்யூல் உலகத்தில் எழுதிக் கேட்காமல் எதுவும் கிடைக்காது. இந்தப் பட்டியலை விட்டுவிட்டாலும் மாட்யூல் உருவாகும், ஃபோல்டர் இருக்கும், எல்லாம் சரியாகவே தோன்றும். டிரைவரை ஏற்றும்போதுதான் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்று லாக்கில் வந்து விழும். அந்த வரியில் காணாமல் போன வகுப்பின் பெயர் இருக்கும். அதன் தொடக்கத்தைப் பார்த்தாலே எந்த மாட்யூல் விடுபட்டது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பழைய வழிகாட்டிகளில் ஜாவாக்ஸ்.ஏபிஐ, ஜாவாக்ஸ்.டிரான்சாக்ஷன்.ஏபிஐ என்று பார்ப்பீர்கள். ஜாவாக்ஸ் என்றிருந்த நிறுவனப் பயன்பாட்டு வகுப்புகள் ஜகார்த்தா என்று பெயர் மாறியதன் விளைவு அது. வைல்ட்ஃப்ளை 27 தொட்டு ஜகார்த்தா பெயர்களே முதன்மை. உங்கள் பதிப்பில் எது இருக்கிறது என்று அறிய பேஸ் ஃபோல்டரைப் பார்த்தால் போதும், கையேடு வேண்டாம்.

இன்னொரு பொறி கோப்பின் உரிமை. நல்ல நிறுவலில் சர்வர் தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடும், ரூட்டாக ஓடாது. நீங்கள் ரூட்டாகத் திரையைத் திறந்து மாட்யூல் சேர்த்தால் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாகும். அனுமதிகள் கெடுபிடியாக இருக்கும் கணினியில் சர்வரால் அதைப் படிக்க முடியாது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சர்வர் சாதிக்கும். சூடோவில் சர்வரின் பயனர் பெயரைக் கொடுத்தே திரையைத் திறவுங்கள்.

சர்வரிடம் கேளுங்கள்

ஃபோல்டர் இருக்கிறதா என்று நாம் பார்ப்பதை விட, உனக்குத் தெரிகிறதா என்று சர்வரையே கேட்பது உத்தமம். இப்போது சர்வரோடு இணைந்துகொள்ளுங்கள். ஒரே கணினியில் இரண்டு வைல்ட்ஃப்ளை ஓடினால் இரண்டாவதன் போர்ட் எண்களைக் கூட்டி வைத்திருப்பார்கள். கூட்டல் 100 என்றால் அதன் நிர்வாக போர்ட் 10090. எண் தராமல் இணைந்தால் 9990இல் இருப்பதோடு இணைந்துவிடுவீர்கள். வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் எந்தக் கணினி, எந்த போர்ட் என்று காட்டும். ஒவ்வொரு முறையும் அதை வாசித்துவிட்டுத் தட்டுங்கள்.

/கோர்-சர்வீஸ்=மாட்யூல்-லோடிங்:லிஸ்ட்-ரிசோர்ஸ்-லோடர்-பாத்ஸ்(மாட்யூல்=ஆர்க்.போஸ்ட்கிரஸ்கியூஎல்)

வெளியே அதிகம் பேசப்படாத கட்டளை இது. எனக்கு மட்டும் அந்த இரவில் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தூங்கப் போயிருப்பேன். சர்வர் அந்த மாட்யூலைத் தன் வழியில் தேடி, எந்த ஜார் கோப்பை எடுக்கும் என்று முழுப் பாதையோடு சொல்லும். பாதை வந்தால் சர்வருக்கு மாட்யூல் தெரிந்துவிட்டது என்று பொருள். பிழை வந்தால் மேலே போகாதீர்கள், தவறான கணினியிலோ தவறான நிறுவலிலோ நிற்கிறீர்கள். புதிதாகச் சேர்த்த மாட்யூலைக் கண்டுகொள்ள ரீஸ்டார்ட் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் நேர விரயம்.

அடுத்து டிரைவரைப் பதிவு செய்வது:

/சப்சிஸ்டம்=டேட்டாசோர்சஸ்/ஜேடிபிசி-டிரைவர்=போஸ்ட்கிரஸ்கியூஎல்:ஆட்(டிரைவர்-நேம்=போஸ்ட்கிரஸ்கியூஎல்,டிரைவர்-மாட்யூல்-நேம்=ஆர்க்.போஸ்ட்கிரஸ்கியூஎல்)

இது சர்வருக்குப் போகும் கட்டளை. வெற்றியானால் அவுட்கம் சக்சஸ் என்று வாயைத் திறந்து சொல்லும். தோற்றால் டபிள்யூஎஃப்எல்ஒய்ஜேசிஏ0041 என்ற எண்ணோடு, டிரைவருக்கான மாட்யூலை ஏற்ற முடியவில்லை என்று வரும். அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடாமல் சர்வர்.லாக் கோப்பில் அதே நேரத்தில் விழுந்ததைப் படியுங்கள். மாட்யூலே கிடைக்கவில்லையா, கிடைத்தும் உள்ளே ஒரு வகுப்பு விடுபட்டதா என்பது அங்கேதான் இருக்கும். முதலாவதற்குப் பெயரையும் இடத்தையும் சரிபாருங்கள், இரண்டாவதற்கு டிபெண்டன்சீஸை.

அடுத்தது தரவு மூலம், அதாவது பயன்பாடுகள் தரவுத்தளத்தை அணுகும் இணைப்பின் விவரம். டேட்டா-சோர்ஸ் ஆட் என்று தொடங்கி, கணக்கு என்று பெயர் வைத்து, ஜேஎன்டிஐ பெயர், டிரைவர் பெயர், தரவுத்தள முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுங்கள். திரை நீங்கள் தட்டிய வரிகளை உங்கள் வீட்டு ஃபோல்டரில் ஜேபாஸ்-சிஎல்ஐ-ஹிஸ்டரி என்ற மறைகோப்பில் சேமிக்கிறது. கடவுச்சொல்லும் அதோடு போகும். பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கென்றால் வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை வெளிப்படையாகத் தராமல் வைக்க உதவும் சான்றுப் பெட்டகத்தைப் பற்றிப் பத்தாம் அத்தியாயத்தில் வருகிறது.

கடைசியாக ஒரு சோதனை:

/சப்சிஸ்டம்=டேட்டாசோர்சஸ்/டேட்டா-சோர்ஸ்=கணக்கு:டெஸ்ட்-கனெக்ஷன்-இன்-பூல்

ட்ரூ என்று வந்தால் தேநீர் குடிக்கலாம்.

மாற்றுவது, எடுப்பது

சேர்ப்பதை விட மாற்றுவதில்தான் விபத்து அதிகம். டிரைவரை மாற்றாமல் இருக்கவும் முடியாது. 2024 பிப்ரவரியில் போஸ்ட்கிரஸ் டிரைவரில் எஸ்கியூஎல் ஊடுருவலுக்கு இடம் தரும் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. வினா முறையைச் சிம்பிள் என்று மாற்றி வைத்தவர்களை மட்டுமே அது தொட்டது. ஆனாலும் 42.7.2க்கு மாறும்படி எல்லோருக்கும் கடிதம் வந்தது. அப்படி ஒரு கடிதம் உங்களுக்கும் வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மாட்யூல் ஃபோல்டரில் புது ஜாரை அதே பெயரில் மேலே போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஏற்கெனவே ஏற்றிய வகுப்புகள் நினைவகத்தில் பழையபடியே இருக்கும். இனி ஏற வேண்டியவை புதுக் கோப்பிலிருந்து வர முயலும். பாதி பழையது, பாதி புதியது என்று ஆகி எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிழைகள் வரும். ரீலோட் கட்டளையும் இங்கே கை கொடுக்காது. ரீலோட் என்பது சேவைகளை நிறுத்தித் திரும்பக் கிளப்புவது மட்டும்தான். ஜாவா இயந்திரம் அதேதான், ஏறிய மாட்யூல்களும் அவையேதான். மாட்யூல் மாறினால் சர்வர் முழுதாக நின்று எழ வேண்டும்.

என் வழி இது. சர்வரை நிறுத்துகிறேன். இணைப்பில்லாத திரையில் மாட்யூல் ரிமூவ் கொடுத்து பழையதை எடுக்கிறேன், மாட்யூல் ஆட் கொடுத்துப் புதியதைச் சேர்க்கிறேன், சர்வரைக் கிளப்புகிறேன். மாட்யூலின் பெயர் மாறாததால் டிரைவர் பதிவையோ தரவு மூலத்தையோ தொட வேண்டியதில்லை. மாட்யூல் கட்டளை சர்வரோடு பேசாது என்று மேலே குறையாகச் சொன்னோமே, அதுவே இங்கே வசதியாகிறது. ஃபோல்டர் அழியும் என்பதால் பழைய ஜாரை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டே ரிமூவ் கொடுங்கள். விண்டோஸில் சர்வரை நிறுத்தாமல் ரிமூவ் கொடுத்தால் ஜார் பூட்டிக்கிடக்கிறது என்று மறுத்துவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதுக்கு.

லினக்ஸ் மறுக்காது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இனி வேண்டாம் என்று நினைத்து ஒரு மாட்யூலை ஓடும் சர்வரிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். எதுவும் நடக்காது. வகுப்புகள் நினைவகத்தில் இருப்பதால் பயன்பாடு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்து மின்சாரம் போய், சர்வர் திரும்பக் கிளம்பும் நாளில்தான் டிரைவர் ஏறாது. டிரைவர் இல்லாததால் தரவு மூலம் இல்லை, தரவு மூலம் இல்லாததால் பயன்பாடு இல்லை. லாக்கின் கடைசி வரியில் சர்வர் கிளம்பிவிட்டது என்றே இருக்கும். அந்த வரியை முழுதாகப் படியுங்கள்: நன்றாகக் கிளம்பினால் எண் டபிள்யூஎஃப்எல்ஒய்எஸ்ஆர்வி0025, பிழைகளோடு கிளம்பினால் 0026. கடைசி இலக்கம் ஒன்றில்தான் வித்தியாசம். மூன்று மாதத்துக்கு முன் எடுத்த மாட்யூல் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

எனவே எடுக்கும்போது சேர்த்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். முதலில் தரவு மூலத்தை நீக்குங்கள். அதைப் பயன்படுத்தும் பயன்பாடு இருந்தால் அங்கேயே சத்தம் வரும். பிறகு டிரைவர் பதிவு. சர்வர் ரீலோட்-ரிக்வயர்ட் என்று கேட்டால் ரீலோட் கொடுங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் சர்வரை நிறுத்திவிட்டு மாட்யூலை எடுங்கள். கிளப்பி, 0025 வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மாட்யூல்தான் வேண்டுமா

ஒரு குறுக்குவழியும் உண்டு. டிரைவரின் ஜார் கோப்பையே ஒரு பயன்பாட்டைப் போல டிப்ளாய் செய்யலாம். சர்வரே அதை டிரைவர் என்று அடையாளம் கண்டு பதிவு செய்துகொள்ளும். தொலைவிலிருந்தும் செய்யலாம். டொமைன் முறையில் பல கணினிகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் தானே போய்ச் சேரும். மாட்யூல் என்றால் ஒவ்வொரு கணினியிலும் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆனால் இப்படிச் செய்த டிரைவருக்குக் கோப்பின் பெயரே பெயராகிவிடும், பதிப்பெண்ணும் அதில் ஒட்டிக்கொள்ளும். டிரைவரை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் தரவு மூலத்தையும் மாற்ற வேண்டும். ஒற்றை சர்வர் வைத்திருப்பவருக்கு மாட்யூலே நல்லது என்பது என் கட்சி. பத்து கணினி டொமைன் என்றால் டிப்ளாய் செய்வோரைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் பயன்பாடு மட்டும் பயன்படுத்தும் சாதாரண நூலகங்களை மாட்யூலாக்கவே வேண்டாம், வார் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள். எல்லாப் பயன்பாடுகளுக்கும் தெரியட்டும் என்று குளோபல்-மாட்யூல்ஸ் பட்டியலில் சேர்ப்பது பழைய குடத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான். அவசியம் வந்தால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கண்டெய்னரில் சர்வரை ஓட்டுபவர்கள் ஓடும் கண்டெய்னருக்குள் போய் மாட்யூல் சேர்ப்பது தண்ணீரில் எழுதுவது மாதிரி. கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போது அது போய்விடும். இமேஜை உருவாக்கும் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி --ஃபைல்= என்று திரைக்குக் கொடுக்கலாம். மாட்யூல் ஆட் வரிக்குச் சர்வர் தேவையில்லை. டிரைவர் பதிவுக்கும் தரவு மூலத்துக்கும் அந்தக் கோப்பின் தொடக்கத்தில் எம்பெட்-சர்வர் என்றும் இறுதியில் ஸ்டாப்-எம்பெடட்-சர்வர் என்றும் எழுதிவிட்டால், போர்ட் எதையும் திறக்காத ஒரு தற்காலிகச் சர்வர் திரைக்குள்ளேயே கிளம்பி வேலையை முடித்துக்கொடுக்கும். கண்டெய்னர் இல்லாதவர்களுக்கும் இந்தக் கோப்புப் பழக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன். ஆறு மாதம் கழித்து, இந்த டிரைவரை யார், எப்படிச் சேர்த்தார்கள் என்று யாராவது கேட்டால் நீட்டுவதற்கு ஒரு கோப்பு இருக்கும்.

கடைசியாக, காப்பு விஷயம். திரையில் பேட்ச் என்று தொடங்கி ரன்-பேட்ச் என்று முடித்தால், இடையிலுள்ள கட்டளைகள் எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது. அந்தக் காப்பு சர்வருக்குப் போகும் கட்டளைகளுக்கு மட்டும்தான். மாட்யூல் ஆட் அதில் அடங்காது, பேட்ச் தோற்றாலும் ஃபோல்டர் வட்டில் இருந்துகொண்டே இருக்கும். டேக்-ஸ்னாப்ஷாட் கட்டளையும் அப்படியே. அமைப்புக் கோப்பை அது பத்திரமாக நகலெடுக்கும், ஸ்டாண்டலோன்_எக்ஸ்எம்எல்_ஹிஸ்டரி ஃபோல்டரில் பழைய பிரதிகளும் சேர்ந்துகொண்டிருக்கும். அவை எதிலும் உங்கள் மாட்யூல்கள் கிடையாது. ஸ்னாப்ஷாட் எடுக்கும் அன்றே மாட்யூல்ஸ் ஃபோல்டரில் நீங்கள் சேர்த்தவற்றையும் டார் கோப்பாக்கி, வேறு ஒரு கணினியில் வைத்துவிடுங்கள்.